பாதியில் நிற்கும் குதிரை

கிளியனூர்
9.8.2024

மரியதாஸுக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் அக்கா சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. ஆஸ்பத்திரி வராண்டாவில் சொன்னதுதான் இன்றைக்கும். நீ இங்கே என் மகள் வீட்டுக்கு வரக் கூடாது. உன் மாமாவைப் பார்க்கக் கூடாது. என் போனிலும் நிலா போனிலும் உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன், அதையும் எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் அந்த மே மாசத்து வெயில் மறுபடி என் தலையில் ஏறுகிறது. அதனால்தான் தபால். மரக்காணத்துக்கும் கிளியனூருக்கும் நடுவே ஸ்டாம்பு ஒட்டுகிற குடும்பம் நம்முடையதாகத்தான் இருக்கும்.

ஒரு விஷயம் தெரிய வேண்டும். உன்னை விட்டால் கேட்க ஆள் இல்லை, அதுதான் என் தலையெழுத்து.

மாமாவுக்கு வலது கையும் காலும் அப்படியேதான் இருக்கின்றன. பேச்சு வரவில்லை. "ஆ" என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, சோற்றுக்கும் அதுதான், கொசுவுக்கும் அதுதான். மற்றபடி புத்தி தெளிவாக இருக்கிறது. நிலாவும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனபிறகு நாங்கள் இரண்டு பேரும்தான் நாள் முழுக்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு கிடக்கிறோம்.

பத்து நாளாக இடது கையால் ஒரு சைகை காட்டுகிறார். கட்டில் சட்டத்தில் இரண்டு விரலால் டொக்கு டொக்கு என்று தட்டுகிறார். பிறகு கையை மல்லாத்தித் திருப்பி என் முகத்தைப் பார்க்கிறார். சில நேரம் தலையைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போடுகிறார். தண்ணீரா, பாத்ரூமா, காற்றாடியா, எல்லாம் கேட்டுவிட்டேன். எதுவும் இல்லை. கடைசியில் அழுகிறார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, தன் அம்மா செத்தபோதுகூட அழாத மனுஷன்.

இருபது வருஷம் நீங்கள் இரண்டு பேரும் உப்பளத்தில் கையாலேயே பேசிக்கொண்டீர்கள். இது என்ன சைகை? அதை மட்டும் எழுது. வேறு கதை வேண்டாம்.

சவரியம்மாள்


மரக்காணம்
17.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மரியே வாழ்க. உன் கையெழுத்தைப் பார்த்ததும் தபால்காரர் முன்னாலேயே கண் கலங்கிவிட்டது. "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறிவிட்டார். "எங்க அக்கா லெட்டர்ங்க" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத மாட்டேன். கல்யாணம் ஆகாதவனுக்கு இருபது வருஷம் சோறு போட்ட வீடு பூட்டிக் கிடக்கிறது. சாயங்காலம் கால் தானாக அங்கே போய் நின்றுவிடுகிறது. பிறகு டீக்கடைக்குப் போகிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். இரண்டு விரல் தட்டுவது தண்ணீர் இறைக்கிற என்ஜின் ஓடுவதாக இருக்கும். கையை மல்லாத்துவது தண்ணீர் ஏறிவிட்டதா என்று கேட்பது. தலையைச் சுற்றி வட்டம் போடுவது தலைப்பாகை. மாமாவுக்கு வேலை ஞாபகம் வந்திருக்கிறது. "தண்ணி ஏறிடுச்சுங்க, எல்லா பாத்தியும் நெறைஞ்சிடுச்சு" என்று சொல்லிப் பார். அடங்கிவிடுவார்.

அன்றைக்கு நடந்ததை நான் மறுபடி எழுதக் கூடாது என்று தெரியும். ஆனாலும் என்ஜின் அடைத்துக்கொண்டு நின்றுபோனதால் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன், அக்கா. நீ நம்ப வேண்டும்.

மாமாவை ஒரு தடவை, வாசலில் நின்றாவது பார்த்துவிட்டுப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. மற்ற கிழமைகளிலும் இல்லை.

உன் தம்பி
மரியதாஸ்


கிளியனூர்
2.9.2024

மரியதாஸுக்கு,

தண்ணீர் ஏறிவிட்டது என்று சொன்னேன். பித்துப்பிடித்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். இரண்டாம் தடவை சொன்னதும் டம்ளரைத் தூக்கி எறிந்தார். இடது கை என்பதால் என் மேல் படவில்லை.

அடுத்து நடந்ததையும் எழுதுகிறேன், உனக்கும் கொஞ்சம் உறைக்கட்டும். தலையைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டே இருந்தார் இல்லையா, அடுத்த வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, "அது புனிதர் படத்துல இருக்கிற ஒளிவட்டம்மா, சாமியாரக் கேக்கிறாரு" என்று சொன்னாள். எனக்கும் சரியென்று பட்டது. கையை மல்லாத்துவது ஜெபத்துக்காக இருக்கும், விரலால் தட்டுவது நாள் எண்ணுவதாக இருக்கும் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். பங்குச் சாமியாரைக் கூட்டி வந்து நோயில் பூசுதலும் கொடுத்தாயிற்று. நிலா லீவு போட்டுவிட்டு வந்து அப்பா காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நின்றேன். சாமியார் நெற்றியில் எண்ணெய் பூசும்போது இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! உயிரோடு இருக்கிறவனைப் பெட்டியில் வைத்து ஆணி அடிக்கிறாயே என்கிற பார்வை அது. சாமியார் போனதும் மறுபடி கட்டில் சட்டத்தில் டொக்கு டொக்கு.

எனக்கு ஐம்பத்திரண்டு வயசாகிறது. தூக்கி உட்கார வைத்து, துடைத்து, ஊட்டி, சாயங்காலத்துக்குள் இடுப்பு விட்டுப்போகிறது. இதற்கு மேல் ஊமைக் கூத்துக்கு அர்த்தம் கண்டுபிடிக்க என்னிடம் தெம்பு இல்லை.

இன்னொன்று. என்ஜின் நின்றுபோனது என்று ஆஸ்பத்திரியிலும் சொன்னாய், இப்போதும் எழுதியிருக்கிறாய். மாமா பாத்தியில் விழுந்து கிடக்க, வரப்பில் நான் உன்னைக் கூப்பிட்டுத் துண்டை ஆட்டிக்கொண்டு நின்ற நேரம் முழுக்க எனக்கு அந்த என்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அது ஒரு நொடிகூட நிற்கவில்லை. நீ தூங்கிவிட்டாய். அதையாவது ஒத்துக்கொண்டால் உன்னை மனுஷன் என்று நினைப்பேன்.

சைகைக்கு அர்த்தம் உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மறைக்கிறாய். உன்னைத் தூக்கி வளர்த்தவளுக்கு அது தெரியாதா?

சவரியம்மாள்


மரக்காணம்
26.9.2024

அக்காவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். இது நாலாவது.

மாமா கேட்பது சினிமா. விரலால் தட்டுவது குதிரை ஓடுவது. தலையைச் சுற்றிய வட்டம் தொப்பி. அகலமான விளிம்பு வைத்த தொப்பி.

சிரிக்காதே. சிரிப்பு வருகிற நிலைமையில் நீ இல்லை என்பதும் தெரியும்.

உப்பளத்தில் எந்தப் போனுக்கும் முதலில் போவது ஸ்பீக்கர்தான். உப்புக் காற்று அதைத் தின்றுவிடும். மாமா போன் ஸ்பீக்கர் மூன்று வருஷம் முன்னாலேயே போய்விட்டது. யாராவது கூப்பிட்டால் அவர்கள் படம் தெரியும், சத்தம் வராது. செல்போன் கடைக் கண்ணாயிரத்திடம் கொண்டுபோனோம். "புதுசு போட்டாலும் ஆறு மாசம்தான் தாங்கும். பேசாத படமா ஏத்தித் தர்றேன், பாத்துக்கினு இருங்க" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டு மெமரி கார்டில் நிறைய ஏற்றிக் கொடுத்தார். நூறு வருஷத்துக்கு முந்தின அமெரிக்காக்காரன் படங்கள். ஊமைப் படம். ஒவ்வொன்றும் பத்து, பன்னிரண்டு நிமிஷம்தான். குதிரை, துப்பாக்கி, தொப்பி, ஒரு கெட்டவன், ஒரு நல்லவன், ஒரு பெண்.

முதலில் சும்மா பொழுதுபோக்குக்குப் பார்த்தோம். பிறகு விட முடியவில்லை. ஏன் என்று நானும் யோசித்திருக்கிறேன். அந்த ஊர் நம்ம உப்பளம் மாதிரியே இருக்கிறது, அக்கா. வெள்ளை வெளேரென்று தரை, ஒரு மரம் இல்லை, நிழல் இல்லை. எங்கேயோ தூரத்தில் ஒரு புள்ளி தெரியும். அது ஆளா, மாடா என்று தெரியாது. கிட்டே வர வர ஆள் ஆகும். நாமும் மேஸ்திரி வருவதை அப்படித்தானே பார்க்கிறோம்? அங்கேயும் யாரும் பேசுவதில்லை. கையை ஆட்டுகிறான், தொப்பியைக் கழற்றுகிறான், அவ்வளவுதான், எதிராளிக்குப் புரிந்துவிடுகிறது. நடுநடுவே கறுப்பு அட்டையில் இங்கிலீஷில் ஏதோ எழுதிக் காட்டுவார்கள். நமக்கு எங்கே படிக்கத் தெரியும்? மாமாதான் அட்டையைப் படிப்பார். அதாவது அவர் இஷ்டத்துக்கு. தொப்பிக்காரன் முறைத்தால் மாமா, "டேய், எங்க மாட்ட ஓட்டிக்கினு போனது நீதான்னு பிரம்மதேசம் வரைக்கும் தெரிஞ்சுபோச்சுடா" என்று படிப்பார். அந்தப் பெண் அழுதால், "அரிசி இல்ல, பருப்பு இல்ல, நீ குதிரை மேல ஊர் சுத்துறியா?" என்று உன் குரலில் படிப்பார். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பேன்.

எல்லாவற்றையும்விட, அது முடிந்துவிடும், அக்கா. அதுதான் விஷயம். எவ்வளவு பெரிய வம்பாக இருந்தாலும் பன்னிரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். கடைசி நிமிஷத்தில் ஒருத்தன் குதிரையில் வந்து சேர்ந்துவிடுவான். காலையிலிருந்து உப்பு வாரி, கால் வெடித்து, கண் கூசி உட்காருகிறவனுக்கு ஏதாவது ஒன்று ஒழுங்காக முடிந்தால் போதும். நம்ம வீட்டில் எந்தப் பிரச்சினை பன்னிரண்டு நிமிஷத்தில் தீர்ந்திருக்கிறது?

கஞ்சி நேரத்தில் ஒரு படம், அவ்வளவுதான் பார்ப்போம். நிலா போனில் தேடினால் இந்த மாதிரிப் படம் கிடைக்கும். போட்டுக் காட்டு.

உன் தம்பி
மரியதாஸ்


கிளியனூர்
14.10.2024

மரியதாஸுக்கு,

நிலா தேடி எடுத்தாள். குதிரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஐந்து மாசமாகச் செத்துக்கிடந்த முகம். நான் சமையற்கட்டுக்குப் போய் நின்றுகொண்டேன்.

தினம் மத்தியானம் இரண்டு படம் ஓடுகிறது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன், வேறு வழி? அந்த வெயிலில் அத்தனை துணி எதற்குப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. குதிரைக்கு ஒருத்தனும் தண்ணீர் காட்டுவதில்லை. பெண்பிள்ளைகள் எப்போது பார்த்தாலும் வாசலில் நின்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டிருக்கிறார்கள், வீட்டு வேலையெல்லாம் யார் செய்கிறார்கள்? ஆனாலும் நீ சொன்னது சரி. முடிந்துவிடுகிறது. முடிந்ததும் ஒரு நிமிஷம் மனசு லேசாகத்தான் இருக்கிறது. பிறகு எழுந்து அவருக்குப் படுக்கை விரிப்பு மாற்ற வேண்டியிருக்கிறது.

அட்டை வந்தால் அவர் என் முகத்தைப் பார்க்கிறார். நான் என்ன படிப்பேன்? எட்டாவது வரை படித்ததில் கிடைத்த இங்கிலீஷை வைத்து இரண்டொரு வார்த்தை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீங்கள் இரண்டு பேரும் படித்த இங்கிலீஷ் எனக்கு வராது.

இப்போது கேட்கிறேன், ஒழுங்காகப் பதில் எழுது. படம் முடிந்ததும் தலையை ஆட்டுகிறார். இது இல்லை என்கிறார். மறுபடி குதிரை விரல், மறுபடி கை மல்லாத்தல். இருபது, இருபத்தைந்து படம் காட்டியாயிற்று, எல்லாம் இது இல்லை, இது இல்லை. நேற்று என் தோளில் கிடந்த துண்டை இடது கையால் இழுத்தார். இழுத்து, அதை லேசாக ஆட்டிக் காட்டினார். பிறகு குதிரை விரல்.

துண்டு என்றால் எனக்கு ஒரே ஒரு நாள்தான் ஞாபகம் வரும். துண்டுக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்? கஞ்சி நேரத்தில் மட்டும்தான் படம் பார்ப்போம் என்று எழுதியிருக்கிறாயே, அவர் விழுந்தது கஞ்சி நேரத்தில் இல்லை. பத்தே கால் மணி. பத்தே கால் மணிக்கு அந்த என்ஜின் கொட்டகையில் நீ என்ன பண்ணிக்கொண்டிருந்தாய்?

சவரியம்மாள்


கிளியனூர்
4.12.2024

மரியதாஸ்,

புயல் நம்ம கரைப் பக்கம்தான் ஏறியது என்றார்கள். இங்கேயே தெருவெல்லாம் தண்ணீர். நீ இருக்கிறாயா என்று மட்டும் எழுது. இதை வைத்து வேறு எதையும் நினைத்துக்கொள்ளாதே.

சவரியம்மாள்


மரக்காணம்
13.12.2024

அக்காவுக்கு,

இருக்கிறேன். உன் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, பின்பக்கம் இரண்டு ஓடு மட்டும் போயிருக்கிறது, நான் மாற்றிவிட்டேன். உப்பளம் எது, கழுவெளி ஏரி எது என்று தெரியாமல் ஒரே தண்ணீராகக் கிடக்கிறது. வரப்பு எல்லாம் கரைந்துபோய்விட்டது. என்ஜின் கொட்டகையின் கூரையைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது. நாலு கம்பு மட்டும் நிற்கிறது. நேற்று அங்கே போய் நின்றேன். உட்கார ஒரு இடம்கூட இல்லை. அப்போதுதான் எழுதிவிடுவது என்று முடிவு பண்ணினேன்.

அன்று நான் தூங்கவில்லை, அக்கா. தூங்கியிருந்தால் தேவலாம்.

மே ஏழு. காலையில் வேலைக்கு இறங்குவதற்கு முன்னால் மாமாவும் நானும் ஒரு புதுப் படம் ஆரம்பித்தோம். ஒருத்தன் காயம்பட்டு ஒரு குடிசையில் கிடக்கிறான். அவன் பெண்டாட்டி மட்டும் கூட இருக்கிறாள். இன்னொருத்தன் குதிரையில் ஊரைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறான், அவனுக்கு விஷயம் தெரியாது. அந்த இடத்தில் மேஸ்திரி குரல் கேட்டது, நிறுத்திவிட்டோம். மாமா உப்பு வாரும் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு போகும்போது, "மச்சான், மீதிய நீ பாத்து வை. கஞ்சி நேரத்துல சொல்லு" என்றார். பழியை அவர் மேல் போடுவதற்காக இதை எழுதவில்லை. அவர் சொன்னது ஒரு பேச்சுக்கு. என் வேலை என்னவென்று எனக்குத் தெரியும். என்ஜின் சத்தத்தில் எதுவும் காதில் விழாது என்பதால்தானே துண்டு ஆட்டுகிற வழக்கமே வந்தது? கொட்டகையில் இருக்கிறவன் பாத்திப் பக்கம் கண்ணை வைத்திருக்க வேண்டும். அவசரத்துக்கு வண்டி அவனிடம்தான் நிற்கிறது. உங்கள் போன் எல்லாம் உப்பில் கெட்டுவிடும் என்று அவனிடம்தான் பையில் கிடக்கிறது. பார்ப்பதற்குத்தான் அவனுக்குக் கூலி.

நான் பத்தே கால் மணி வாக்கில் மாமா போனை எடுத்தேன். மீதி எட்டு நிமிஷம்தானே என்று எடுத்தேன்.

படத்தில் அந்தப் பெண் வாசலுக்கு வந்து ஒரு வெள்ளைத் துணியை ஆட்டுகிறாள். குதிரைக்காரன் தூரத்தில் போய்க்கொண்டே இருக்கிறான். திரும்பிப் பார்க்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அக்கா, "திரும்பிப் பாருடா, கண்ணு அவிஞ்சுபோச்சா உனக்கு?" என்று நான் வாய்விட்டு அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டத்தையே பின்னால் தள்ளித் தள்ளி நாலைந்து தடவை போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் திட்டினேன். அப்புறம் ஏதோ தோன்றி நிமிர்ந்தேன். நீ பாதி வரப்பு வரை ஓடி வந்துவிட்டிருந்தாய். கையில் துண்டு. எவ்வளவு நேரமாக ஆட்டினாய் என்று நான் இன்றுவரை உன்னைக் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

இவ்வளவுதான். என்ஜின் நிற்கவில்லை. எந்தக் கோளாறும் அதில் இல்லை.

மாமா படம் போடச் சொல்லிக் கேட்கவில்லை, அக்கா. கையை மல்லாத்திக் காட்டுவது நாங்கள் கஞ்சி நேரத்தில் போடும் சைகை. "அப்புறம் என்னாச்சு?" என்று அர்த்தம். அந்தப் படம் எப்படி முடிந்தது என்று கேட்கிறார். கஞ்சி நேரத்தில் சொல்லு என்றாரே, அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உன் முதல் கடிதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் சொல்ல என்னிடம் முடிவு இல்லை. அன்று நிறுத்தியதுதான், நான் அதற்கு அப்புறம் அந்தப் போனைத் திறக்கவே இல்லை.

உப்பு லாரி ஓட்டும் சிங்காரம் அண்ணனிடம் போனைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். திண்டிவனம் போகும் வழியில் கிளியனூரைச் சுற்றிக்கொண்டு வந்து கொடுப்பதாகச் சொன்னார். சார்ஜ் போட்டால் நின்ற இடத்திலேயே இருக்கும். மீதி நாலு நிமிஷமோ என்னவோ. மாமாவுக்குப் போட்டுக் காட்டு.

வருகிறேன் என்று இனிமேல் கேட்க மாட்டேன். கேட்க எனக்கு வாய் இல்லை.

மரியதாஸ்


கிளியனூர்
8.1.2025

தம்பிக்கு,

போன் வந்து சேர்ந்தது. கடிதத்தைப் படித்துவிட்டு அதைக் கிணற்றில் போடலாம் என்றுதான் எடுத்தேன். நிலா பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டாள். கிறிஸ்துமஸ் வந்தது, போனது. நான் பூசைக்குப் போய் ஒரு செபமும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டு வந்தேன். எட்டு நிமிஷம் என்று எழுதியிருக்கிறாய். நான் ஆட்டியது அதைவிட ஜாஸ்தி. பின்னால் தள்ளி வேறு போட்டுப் பார்த்தாயாமே!

புதுவருஷத்துக்கு மறுநாள் மாமாவிடம் கேட்டே விட்டேன். "அன்னிக்கு உங்க மச்சான் கொட்டாயில குதிரைப் படம்தான் பாத்துக்கினு இருந்தானாம். உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். கண்ணை மூடித் திறந்து, தலையை அசைத்தார். தெரியும். விழுந்து கிடக்கும்போது அவர் முகம் கொட்டகைப் பக்கம்தான் இருந்தது. குனிந்த உன் தலையைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறார். என்ன பார்க்கிறாய் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உன் மேல் பாதி, அவர் மேல் பாதி. "எனக்கு மட்டும்தான் தெரியாதா? எட்டு மாசமா உங்களத் தூக்கிப் போடுறவ நானு, கொள்ளி வச்சவன் முடிவு சொல்லணும்னு காத்துக்கினு இருக்கிறீங்களா?" என்று கத்தினேன். அடுத்த வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு இடது கையை நீட்டி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கட்டில் சட்டத்தில் டொக்கு டொக்கு. நான் என்ன பண்ணுவேன், சொல்லு. அந்த மனுஷனுக்கு உன் மேல் துளி கோபம் இல்லை. எனக்கு இருக்கிறது. அவருக்கும் சேர்த்து நானே கோபப்பட்டு அலுத்துப்போய்விட்டேன்.

சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பேச்சாவது மிஞ்சியிருக்கும் என்று டாக்டர் சொன்னார் இல்லையா, அதை அவர் எல்லோரிடமும்தான் சொல்வார் என்கிறாள் நிலா. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இதை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

அன்றைக்கே போனுக்குச் சார்ஜ் போட்டேன். நீ சொன்னபடி நின்ற இடத்திலேயே நின்றது. குதிரை முதுகைக் காட்டிக்கொண்டு பாதியில் நிற்கிறது. இந்த ஓரத்தில் அந்தப் பெண். அவள் துணி ஆட்டுகிற விதமே தப்பு. இடுப்பளவில் ஆட்டினால் எவனுக்குத் தெரியும்? தலைக்கு மேலே தூக்கி ஆட்ட வேண்டும். பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். ஆனாலும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, சரி, ஓடட்டும் என்று அமுக்கப் போனேன்.

மாமா கையை வைத்து மறைத்துவிட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மரக்காணம் இருக்கிற திசையைக் கையால் காட்டினார். பிறகு தன் உதட்டைத் தொட்டார், திரும்பவும் அந்தத் திசையைக் காட்டினார். எனக்கு இப்போது கொஞ்சம் சைகை வருகிறது. நீ வந்து, கூட உட்கார்ந்து, அட்டையைப் படித்தால்தான் பார்ப்பாராம். அதுவரை வேண்டாமாம். அன்றிலிருந்து அந்தப் போன் அவர் தலைமாட்டில் அப்படியே கிடக்கிறது.

நான் பார்த்துவிட்டேன். முந்தாநாள் அவர் தூங்கும்போது வராண்டாவில் நின்று மீதியைப் பார்த்தேன். அவன் திரும்பிப் பார்க்கிறானா, வந்து சேர்கிறானா என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு யாரும் சொல்லவில்லை, உனக்கு மட்டும் எதற்குச் சொல்ல வேண்டும்? பார்த்து முடித்ததும் நிலாவிடம் கொடுத்துப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. பூசை முடிந்ததும் கிளம்பு, பொங்கல் கூட்டம் இருக்கும், திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வர வேண்டியிருக்கும். சோறு இருக்கும், மீன் இருக்காது, இங்கே நல்ல மீன் கிடைப்பதில்லை, வரும்போது நீயே வாங்கி வா. மாமாவைப் பார்த்ததும் அழுது தொலைக்காதே, அவருக்குப் பிடிக்காது. என்னிடம் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. மன்னிச்சிடு அக்கா என்று ஆரம்பித்தால் அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவேன், சொல்லிவிட்டேன். உன்னோடு பேசுகிற அளவுக்கு எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை, எப்போது ஆறும் என்றும் தெரியவில்லை.

அட்டை வரும்போது மட்டும் வாயைத் திற. மாமா எப்படிப் படிப்பாரோ அப்படியே, நல்லா சத்தமாகப் படி. அந்தப் பெண்ணுக்கு என் குரலையே போடு, பரவாயில்லை. அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

அக்கா
சவரியம்மாள்